பூங்கனியின் குரலுக்குள் ஓர் இரைச்சல்

மார்ச் 4, செவ்வாய்

பூங்கனி இன்றைக்கும் மூன்றாம் பாடத்தைப் பதியும்போதே நிறுத்திவிட்டாள். கம்ப்யூட்டருக்குள் ஃபேன் இரைகிறது. வாசிப்பைவிட அதுதான் சத்தமாகப் பதிவாகிறது. எங்கள் சர்ச்சுக்கு வரும் ரீத்தாவுக்குப் பார்வை கிடையாது. மே மாதம் பி.எட். தேர்வு எழுதப் போகிறாள். பாடப் புத்தகம் முழுவதையும் வாசித்துப் பதிந்து தருவதாக என் மனைவி பூங்கனி ஏற்றுக்கொண்டு இரண்டு மாதமாகிறது. முப்பது வருஷம் பள்ளியில் தமிழ் நடத்திய குரல். அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் மின்வாரியத்திலிருந்து ரிட்டயர் ஆன பிறகு எனக்குக் கிடைத்த சுகம். அவளிடம் சொன்னதில்லை.

"லைன்மேனா இருந்த மனுசனுக்கு ஒரு ஃபேனை அடக்கத் தெரியல்லியாக்கும்?" என்றாள்.

கழற்றித் தூசி தட்டினேன். அடங்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

ஒரு விசித்திரம். உள்ளே எது இவ்வளவு பாடு படுத்துகிறது என்று பார்க்க டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் ஃபேன் அடங்கிவிட்டது! மூடினேன் — மறுபடி இரைச்சல். ஐந்தாறு தரம் செய்து பார்த்தேன். டீச்சர் தலையைக் கண்டதும் வாயை மூடிக்கொள்கிற வகுப்பு மாதிரி. பூங்கனிக்கு ஒரே சிரிப்பு. அதைத் திறந்து வைத்துக்கொண்டே இரண்டு பாடம் பதிந்தோம். மத்தியானம் எனக்கு ஒரு துண்டு மீன் கூடுதல்.

மார்ச் 8, சனி

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. புதுக்கடையில் ஜெமியின் ரிப்பேர் கடைக்குக் கம்ப்யூட்டரைக் கொண்டுபோனேன். பூங்கனியிடம் படித்தவள். பஸ்ஸெல்லாம் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக் கூட்டம். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

"நீங்க பாக்கும்போ ஒளிஞ்சுக்கும் மாமா. அப்பிடித்தான் எழுதி வச்சிருக்கானுவ" என்றாள் ஜெமி.

யாரோ ஒருவன், எங்கேயோ இருந்துகொண்டு, ஒரு கள்ள புரோகிராமை உள்ளே விட்டு, எங்கள் கம்ப்யூட்டரை வைத்து கிரிப்டோ என்கிற இணையக் காசு உண்டாக்குகிறானாம். உழைப்பு இந்த இயந்திரத்துடையது, கரண்ட் எங்களுடையது, லாபம் அவனுக்கு. கம்பியில் கள்ளக் கொக்கி போடுகிற வேலைதான். எனக்கு உடனே புரிந்தது.

"புதுசா என்னமும் ஏத்தினியளா?"

ஏற்றினேன். ஜனவரியில், பூங்கனியின் பிறந்தநாளுக்கு. குரல் பதிகிற, விலை கூடிய ஒரு மென்பொருளை இலவசமாகத் தருவதாகச் சொன்ன ஏதோ ஒரு தளத்திலிருந்து. ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு ஏற்றவும் என்று போட்டிருந்தது. நிறுத்தினேன்! ஃபியூஸைப் பிடுங்காமல் ஒரு நாளும் கம்பத்தில் ஏறாதவன் நான்.

"அதை வேற யாருக்கும் குடுத்தியளா?"

இல்லை என்றேன். பொய்.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனையில் மனம் நிற்கவில்லை. ரீத்தாவின் லேப்டாப்பிலும் நான்தான் அதை ஏற்றிக் கொடுத்தேன். பதிவுகளை அவளே வெட்டிக் குறிப்பு எடுத்துக்கொள்ளட்டும் என்று. போன வாரம் சர்ச் வாசலில் சொன்னாள், "சார், என் லேப்டாப் இப்போ திக்கித் திக்கிப் பேசுது." திரையில் இருப்பதை அவளுக்கு வாசித்துச் சொல்லும் குரல் அது. அவளுக்குக் கண்ணே அதுதான். நான் என்ன சொன்னேன்? பழசாயிருக்கும் மக்ளே என்றேன். பழசாயிருக்குமாம்!

சாப்பிட்ட பிறகு பூங்கனியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தட்டுகளை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"எனக்காவத்தான் செஞ்சிய. அது எனக்குத் தெரியும். ஆனா அந்தப் பிள்ளைட்ட நீங்களே சொல்லணும். நான் கூட வருவேன். வாயைத் தொறக்க மாட்டேன், கேட்டியளா?"

மார்ச் 10, திங்கள்

சிதறாலில் ரீத்தாவின் வீடு. மலையடிவாரத்தில் இறங்கி நடந்தோம். அந்தக் கொஞ்ச தூரம் இவ்வளவு நீளமா?

சொன்னேன். முழுவதையும்.

"எனக்குத்தான் என்னமோ ஆச்சுன்னு நெனச்சேன் சார்," என்றாள். "ஒரு பக்கம் கேக்க ஒரு மணிக்கூர் ஆவுது. படிப்ப விட்டிருதேன்னு நேத்து அம்மைட்ட சொல்லிட்டேன்."

மன்னிச்சிரு மக்ளே — அவ்வளவுதான் வந்தது. பூங்கனி, சொன்னபடியே, வாயைத் திறக்கவில்லை. ஆனால் என் கையைப் பிடித்திருந்தாள், விடவே இல்லை.

ரீத்தா உள்ளே போய் லேப்டாப்பை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். "சரியாக்கித் தாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

கோபமா, நம்பிக்கையா? தெரியவில்லை.

மார்ச் 12, புதன்

ஜெமியிடம் பொய்யையும் ஒப்புக்கொண்டேன். "தெரியும் மாமா, உங்க முகத்துலயே இருந்துது" என்கிறாள்! இரண்டு கம்ப்யூட்டரையும் நெட்டிலிருந்து பிரித்து, குரல் பதிவுகளையும் ரீத்தாவின் குறிப்புகளையும் மட்டும் வெளியே எடுத்து, மற்றதை அடியோடு அழித்து, விண்டோஸைப் புதிதாக ஏற்றினாள். பாஸ்வேர்டெல்லாம் மாற்றவைத்தாள். ஆன்டிவைரஸை இனி எவன் சொன்னாலும் நிறுத்தக் கூடாது. அப்டேட் வந்தால் தள்ளிப்போடக் கூடாது.

கடைசியில் ஒன்று சொன்னாள். குரல் பதிய நல்ல மென்பொருள் நேர்வழியிலேயே இலவசமாகக் கிடைக்கிறதாம். செய்தவர்களுடைய தளத்திலிருந்து எடுத்தால் போதுமாம்.

சிரிக்கவா, அழவா?

மார்ச் 14, வெள்ளி

லேப்டாப்பைக் கொடுத்தோம். ரீத்தா திறந்ததும் அதன் குரல் பொரிந்து தள்ளியது. அவ்வளவு வேகத்தில் எங்களுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. "இதுதான் என் வேகம்" என்று சிரித்தாள். அவளுடைய அம்மை மரச்சீனிக் கிழங்கு அவித்துத் தந்தார். தின்றுவிட்டு வந்தோம்.

ஏப்ரல் 3, வியாழன்

பூங்கனிக்குத் தொண்டை கட்டிவிட்டது. இன்னும் நான்கு பாடம் பாக்கி. வாசிங்க என்று புத்தகத்தை என்னிடம் தள்ளுகிறாள். நானா?

ஏப்ரல் 4, வெள்ளி

ஒரு பக்கம் வாசிப்பதற்குள் வேர்த்துவிட்டது. பூங்கனி சத்தமில்லாமல் பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக் காட்டினாள். லகரம், ளகரம் தடுமாறும்போதெல்லாம் தொடையில் ஒரு கிள்ளு.

மே 23, வெள்ளி

தேர்வு முடிந்து ரீத்தா போன் செய்தாள். இருவரும் கேட்க ஸ்பீக்கரில் போட்டேன். அவள் சொல்லச் சொல்ல இன்னொரு பெண் எழுதினாளாம்.

"பெரிய கேள்வி சார் வாசிச்ச பாடத்துல இருந்தாக்கும். சார் குரல்லயே ஞாவகம் வந்துது. அப்பிடியே சொல்லிட்டேன்."

"தப்பு தப்பா வாசிச்சதையா?" என்றாள் பூங்கனி.

"அதான் டீச்சர் மறக்கல்ல."

பூங்கனி எழுந்து உள்ளே போனாள். வந்தபோது கையில் ரீத்தாவுக்கு அடுத்த செட்டில் படிக்கிற, பார்வையில்லாத இன்னொரு பிள்ளை பதிந்து தரச் சொல்லி அனுப்பிய புத்தகம். நடுவில் பிரித்து, "இங்க இருந்து உங்க பாகம்" என்றாள்.