சோற்றுப்பானையோடு ஓடியது

வெள்ளவத்தை,
தை, வியாழன்.

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் மலர் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? தங்கச்சி பள்ளிக்கூடம் போகிறாளா?

இங்கே ஒரு வேடிக்கை. நேற்று மாலை வேலை முடிந்து வந்த வீட்டு ஐயா வாசற்படியில் கால் தடுக்கிவிட்டார். அந்தச் சத்தம் கேட்டதுதான் தெரியும். வடித்து வைத்த சோற்றுப்பானையை ஒரு கையிலும் அவர்கள் குழந்தையை இடுப்பிலும் தூக்கிக்கொண்டு பின்கதவால் ஓடிவிட்டேன். குண்டு என்று நினைத்து வீட்டம்மாவும் என் பின்னால் ஓடிவந்தார்.

"எங்கை பிள்ளை வெடிச்சது?"

"ஐயா வந்துட்டாருங்க" என்றேன்.

இந்த ஐயா குடிக்கவே மாட்டார், அம்மா. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். குழந்தை அதை விளையாட்டென்று நினைத்து, இன்னொரு தரம் ஓடச் சொல்லிக் கை தட்டியது. ஆனால் இன்று முழுக்க என்னால் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார முடியவில்லை.

குழந்தை எழுந்துவிட்டது, அவசரமாக முடிக்கிறேன். அப்பா குடித்துவிட்டு வரும்போது இப்போது தங்கச்சிதான் பானையையும் தம்பியையும் தூக்கிக்கொண்டு தோட்டத்து லயன் வீடுகளுக்குப் பின்னால் ஓடுகிறாளா? அந்தப் பானை அவளுக்குப் பாரம். சோறு கொட்டினால் கொட்டட்டும். தம்பியை மட்டும் தூக்கச் சொல்லுங்கள்.

மலர்