சாசருக்கு வந்த காய்ச்சல்

19-7-71, திங்கள்
ஆடிக் காத்து. பீங்கான் ஷெட்டு பூரா மண்ணு பறக்குது, கண்ணைத் தொறக்க முடியல. கப்புக்குப் பிடி ஒட்டினதுல பாதி விரிசல். மேஸ்திரி மொறைச்சாரு, நானும் மொறைச்சேன்.

சாசர் காலையிலேர்ந்து ஒண்ணும் தொடல. நெத்திலிக் கருவாட்ட மோந்துகூடப் பாக்கல. என் தட்டுலயே வாய வெக்கிற திருட்டுப் பூனை அது. மூணு தரம் மஞ்சளா வாந்தி.

வாங்க: மண்ணெண்ணெய், திரி, சோடா உப்பு.

20, செவ்வாய்
தண்ணிக் கிண்ணத்துக்கு மேல தலையத் தொங்கப் போட்டுக்கினு உக்காந்திருக்குது. குடிக்க மாட்டேங்குது. பாக்கவே முடியல.

இப்பதான் ஞாபகம். போன வாரம் ஷெட்டுப் பக்கம் போயிட்டு காலெல்லாம் வெள்ளையா வந்து நக்கிக்கினு கெடந்துது. கிளேஸ்! கப்புக்குப் பளபளப்பு ஏத்துற வெள்ளைக் கொழம்பு, விஷம். அந்தத் தொட்டிய மூடுறது பக்கத்து பெஞ்சு பிலோமினா வேலை. டீ டைமுல எல்லாருக்கும் எதிரயே கேட்டுட்டேன். "கப்ப முக்கத் தெரியுது, தொட்டிய மூடத் தெரியாதா? என் பூனையக் கொன்னுட்டியேடி!"

பிலோ. கையில கிளேஸ் காஞ்சு வெள்ளையா, அப்படியே நின்னா. நிக்கட்டும்.

விஷ முறிவுக்கு மோர் குடுத்தேன். அதுவும் வாந்தி.

21, புதன்
அரை நாள் லீவு. சாசரைக் கூடையில வெச்சு மாட்டாஸ்பத்திரி. ஒரு பெரியவர், "பூனைக்கெல்லாமா டாக்டரு!" "உங்க எருமைக்கு வந்தா நோவு, இதுக்கு வந்தா கூத்தா?"ன்னேன்.

டாக்டர் சின்ன வயசு. சாசர் வயித்த அமுக்கிப் பாத்தாரு. "விஷமில்லம்மா. இது வைரஸ், பூனைங்களுக்கு வர்ற காய்ச்சல். மனுஷங்களுக்கு ஒட்டாது. இதுக்குன்னு மருந்து கெடையாது. உப்பு சக்கரை போட்ட தண்ணிய சொட்டுச் சொட்டா விடுங்க. நாலஞ்சு நாள் தாண்டிட்டா பொழைச்சுக்கும்."

அப்புறம் கேட்டாரு. "பூனை எதுனா செத்த எடத்துலேர்ந்து சாக்கு, கூடை கொண்டாந்தீங்களா?"

கூடை என் கையில.

சேத்தியாத்தோப்பு தங்கச்சி வூட்டுக் கூடை. அவ பூனை குட்டிங்களோட அதுலதான் செத்துது. "நல்ல கூடைக்கா, எடுத்துக்கினு போ"ன்னா. ஒதறிட்டு எடுத்தாந்து சாசருக்குப் படுக்கை போட்டேன். நானேதான்.

22, வியாழன்
கூடைய எரிச்சாச்சு. பிலோ. கிட்ட சொல்லணும். சொல்லல. பக்கத்து பெஞ்சுலதான் இருந்தா.

இங்க் பில்லர்ல தண்ணி, அரை மணிக்கு ஒருதரம்னு டாக்டர் சொன்னாரு. நான் ஷெட்டுல இருக்கறப்ப யாரு குடுப்பா? மத்தியானம் ஓடியாந்தா சாசர் வாயெல்லாம் தொடைச்சு சுத்தமா இருக்குது, கிண்ணத்துல பாதித் தண்ணி காலி. எதிர் வூட்டுக்காரங்க சொன்னாங்க: "டீ டைமுல பிலோமினா வந்துச்சு. நேத்தும் வந்துச்சே."

24, சனி
எலும்பும் தோலும். காது சில்லுன்னு இருக்குது. மடியில போட்டுக்கினு அழுதேன். பழமலைநாதா, தப்பு என்னுது, இதுக்கு ஏன் தண்டனை?

இன்னும் சொல்லல. இந்த வாய்தானே அன்னிக்கு ஊரைக் கூட்டுச்சு.

25, ஞாயிறு
சர்ச்சு முடிஞ்சு நேரா வந்தா பிலோ. பில்லரை எடுத்தா. கையப் புடிச்சு நிறுத்தி ஒரே மூச்சுல சொல்லிட்டேன். "கிளேஸ் இல்லடி. கூடை. நான் கொண்டாந்தது. புதன்கிழமையே தெரியும் எனக்கு."

அப்படியே தரையில உக்காந்துட்டா. "நெசமாவாக்கா? நான் பண்ணலியா?"

"இல்லடி தாயி."

"அஞ்சு நாளா எம் பையனுக்கு நான் சோறு ஊட்டலக்கா. எங்கம்மாதான் ஊட்டுறாங்க. என் கையில விஷம் இருக்குதோன்னு பயம்."

திட்டியிருக்கலாம் அவ. தேவலாம்னு இருந்திருக்கும். என்னை மன்னிச்சுடுடின்னேன். ரெண்டு பேரும் அழுதோம்.

26, திங்கள்
காத்து கொஞ்சம் கொறைவு. விடியக்காலை சளப் சளப்புனு சத்தம். சாசர், தானா, கிண்ணத்துல!

மத்தியானம் பிலோ. பையனைத் தூக்கிக்கினு வந்தா. என் வூட்டுலயே பருப்புஞ்சோறு பெசஞ்சா. மொத உருண்டைய என்னைப் பாத்துக்கினே நீட்டினா. பையன் ஆ-ன்னு வாயத் தொறந்தான்.

கருவாடு வாங்கணும். நெறைய.