லாரியில் வந்த நத்தைகள்

அன்வர் மாப்ளே,

மத்தூர் கபரஸ்தானில் உன்மேல் மண் போட்டுவிட்டு வந்த பிறகு, உனக்கு எதுவும் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். செத்தவர்களோடு பேசுகிறவர்களைக் கேலி செய்தவர்கள் நாம். ஆனால் சோதனைச்சாலையிலிருந்து முடிவு வந்திருக்கிறது. வேறு யாரிடம் சொல்ல?

ஜவளகிரிக் காட்டோரம் நாம் தோண்டிய பழைய கல்லறையில் கிடந்த பெண் உள்ளூர்க்காரிதான்.

உனக்குத் தெரிந்ததுதான்; இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன், பொறுத்துக்கொள். பாறையில் உள்ள ஸ்ட்ரான்சியம், தண்ணீரும் தானியமும் வழியாகக் குழந்தையின் பல்லுக்குள் போகிறது. அதன் ஐசோடோப்பு விகிதம் பாறைக்குப் பாறை வேறு. சிறுவயதில் உருவான பல் எனாமல், ஆள் செத்த பிறகும் அந்த விகிதத்தை விடுவதில்லை. அந்த மண்ணிலேயே ஊரும் நத்தையின் ஓட்டோடு ஒப்பிட்டால், அவர் அங்கே வளர்ந்தவரா என்று தெரியும்.

அந்த நத்தையில்தான் நம் அகழாய்வுக் குழுத் தலைவர் கெடுத்தார். காட்டுக்குள் போக அனுமதி தாமதமானது. கருத்தரங்கமோ நெருங்கிவிட்டது. ஓசூரில் நாம் தங்கியிருந்த தொழிற்சாலை விடுதியின் தோட்டத்தில் நத்தை பொறுக்கச் சொன்னார். எல்லாம் ஒரே பாறைதான் என்றார்.

சாப்பாட்டு மேசையில் நீ சொன்னாய்: "இங்க மண்ணே லாரியில வந்தது சார். புல்லும் லாரியில வந்தது. நத்தை மட்டும் எப்படி ஓசூர்க்காரனாகும்?"

கல்லறைப் பெண் வெளியூர்க்காரி என்று முன்பே முடிவு கட்டியிருந்த தலைவர் இட்லியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "என்ன பாய், வந்தவங்கள எல்லாம் உள்ளூர்னு சொல்லிப்புடணும் உங்களுக்கு."

சிரித்தார்கள். சிரித்தவர்களின் பெயர் ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உன் குடும்பம் தலைமுறைகளாக மத்தூர்ச் சந்தையில் புளி வியாபாரம் செய்தது. ஆனாலும் சொந்த ஊர் மத்தூர் என்று நீ சொன்னால், "அதுக்கு முன்னால?" என்பார்கள். பல் முளைத்த ஊர் போதாதா ஒருவனுக்கு?

தோட்டத்து நத்தைகளோடு அவள் பல் ஒத்துப்போகவில்லை; கல்லறைப் பெண் வெளியூர்க்காரி என்று கருத்தரங்கில் அறிவித்தார்கள். கன்னடம் பேசியிருப்பாள் என்றார் ஒருவர், தெலுங்கு என்றார் இன்னொருவர். நீ மறுப்பு எழுதினாய். அடுத்த அகழாய்வுக் குழுவில் உன் பெயர் இல்லை. பெயிண்ட் கம்பெனியில் தரம் பார்க்கப் போனாய். ஒரு நாள் ஷிப்ட் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே செத்துப்போனாய்.

இந்த மழைக்காலத்தில் வனத்துறை அனுமதி வாங்கி, கல்லறையைச் சுற்றி நானே நத்தைகள் பொறுக்கி அனுப்பினேன். அவள் பல்லின் விகிதம் அப்படியேதான் இருக்கிறது, அது எப்படி மாறும்? நத்தைகள்தான் மாறின. இப்போது இரண்டும் ஒத்துப்போகின்றன.

தலைவர் போன் செய்தார். குரலில் தேன். சேர்ந்து கட்டுரை வெளியிடலாம் என்றார். "அன்வருக்கு அடியில ஒரு நன்றி போட்டுடலாம்."

"அடியிலயா சார்?"

"போனவருக்கு எதுக்குங்க முதல் பேரு?"

போனை வைத்துவிட்டேன். நீயாக இருந்தால், "விடு மச்சான்" என்றிருப்பாய். உன்னிடம் எனக்குப் பிடிக்காததே அதுதான். விட்டு விட்டு என்ன கண்டாய்?

நான் விடப் போவதில்லை. கட்டுரையில் முதல் பெயர் உன்னுடையது, அடுத்தது என்னுடையது. மூன்றாவது பெயர் கிடையாது. அச்சானதும் மத்தூருக்கு வருவேன். உன் தலைமாட்டில் நின்று, உன் பெயரையும் அவள் ஊரையும் சத்தமாகப் படிப்பேன்.

யாரையும் மன்னிக்காத உன் மச்சான்,
முருகேசன்