ஏழு எரியாத குழாய்

மார்ச் 4
மன்னித்துக்கொள் டைரியே, ஊரடங்கிய பிறகுதான் உன்னைத் திறக்க முடிந்தது. என் வாண்டு இப்போதுதான் தூங்கினாள். ஒன்றரை வயதில் பேச அப்படி என்னதான் இருக்கிறதோ.

விஷயம் இதுதான். பழைய ரேடியோக் கடைக்காரரிடம் நான்கு நிக்ஸி குழாய்கள் வந்திருக்கின்றன. கண்ணாடிக்குள் கம்பியால் எண்கள். மின்சாரம் கொடுத்தால் தணல் மாதிரி ஒளிரும். கல்லூரியில் படத்தில் பார்த்தே ஏங்கியவள் நான். கடிகாரம் செய்யலாம். ஆனால் ஒன்றில் ஏழு எரியாது, இன்னொன்றில் ஒன்பது எரியாதாம். ஞாயிறுக்குள் சொல்லாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும்.

வாங்கலாமா?

மார்ச் 5
இவரிடம் கேட்டேன். "ஏழு மணிக்கு நம்ம வீட்ல யாரு எந்திரிக்கிறா? தாராளமா வாங்கு" என்றார். ஆதரவா, நக்கலா?

அந்தக் குழாய்களுக்கு நூற்றெழுபது வோல்ட் வேண்டும். வாண்டு கை வைத்துவிட்டால்? வேண்டாம். முடிவு.

மார்ச் 6
முடிவாவது ஒன்றாவது. எட்டுகிறாளா என்று பார்க்க, அட்டையில் ஒரு பொய்க் கடிகாரம் செய்து அலமாரி மேல் வைத்தேன். குளித்துவிட்டு வந்தால் அது தரையில். "பாப்பா மணியைத் தின்னுட்டா, நிமிஷம் பாக்கி இருக்கு" என்கிறார். அழுதாளாம், இவரே எடுத்துக் கொடுத்தாராம்.

ஐயோ கடவுளே, இந்த வீட்டுல நான் யாருக்குன்னு வேலி போடுறது?

மார்ச் 7
எனக்கே போட்டுக்கொண்டேன்.

வாண்டுக்கென்று வாங்கிய விளையாட்டு வேலி சும்மா கிடந்தது. உள்ளே விட்டால் வீடே இடிகிற மாதிரி கத்துவாள். வேலை செய்ய இடம் தோதுப்படுமா என்று பார்க்க, இன்று கம்பி பற்றவைக்கிற சால்டரிங் அயர்னோடு நான் உள்ளே போய் நட்டநடுவில் உட்கார்ந்து தாழிட்டேன். அப்பாவும் மகளும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"அம்மாவுக்குத் தீனி போடக்கூடாது, பாப்பா" என்றார் இவர்.

அவள் ஊறிப்போன பிஸ்கட்டை நீட்டினாள். தின்றேன்.

அங்கேதான் உறைத்தது. மணியின் முதல் இடத்தில் இரண்டுக்கு மேல் வராது, நிமிடத்தின் முதல் இடத்தில் ஐந்துக்கு மேல் வராது. பழுதான இரண்டையும் அங்கே வைத்தால் ஏழும் ஒன்பதும் தேவையே இல்லை! இதற்குப் போயா தூக்கத்தைத் தொலைத்தேன்? படித்தவளாம்.

கடிகாரமும் வேலிக்குள்ளேயே குடியிருக்கட்டும்.

மார்ச் 8, ஞாயிறு
கூண்டுக்குள் இருந்துதான் எழுதுகிறேன். கடைக்காரருக்கு அனுப்பியது:

"ஐயா, நாலு குழாயும் எனக்கே வேணும், பழுதான ரெண்டையும் சேர்த்துத்தான். வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க. சீக்கிரம் பதில் போடுங்க."