உப்பங்கழியில் கட்டிய விதைப்பாசி

அன்பு மகன் ஜெனிசுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தங்கச்சி ஜெர்லினும் மாதா கிருபையால் சுகமாக இருக்கிறோம், அந்தப் பனிக்குள் நீயும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால் எழுதி, இதைப் படம் எடுத்து அனுப்ப ஜெர்லினிடம் சொல்லியிருக்கிறேன்.

நம் பக்கத்தில் மிதவை கட்டிக் கடல்பாசி வளர்க்கும் பிரெசில்லா அத்தை சோப்புத்தண்ணி ஊற்றி நம் பாசியை அழித்துவிட்டாள் என்று போன மாதம் உன்னிடம் அழுதேனே, அது தப்பு மகனே. வாடைக்காற்றில் மிதவை உடைந்துவிடும் என்று பயந்து, அடுத்த நடவுக்கு வைத்திருந்த விதைப்பாசியை நான்தான் உப்பங்கழிக்குள் கொண்டுபோய்க் கட்டினேன். அங்கே ஒதுங்கிய கடல்புல் குவியலாக அழுகிக் கிடந்தது, மழைத்தண்ணி அதில் ஊறிக் கழியே பால் விடாத கட்டஞ்சாயா நிறம். அங்கன கட்டாதீங்க மதினி என்று அவள் சொல்லத்தான் செய்தாள், பொறாமையில் சொல்கிறாள் என்று நினைத்தேன். பத்து நாளில் பாசி வெளுத்து, கொழகொழத்துக் கயிற்றிலிருந்து விழுந்துவிட்டது. அவள் அந்தப் பக்கம் துணி துவைத்ததைப் பார்த்திருந்தேனா, பூசை முடிந்து கோயில் வாசலில் எல்லார் முன்னாலும் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன்.

அப்புறம்தான் நீ அந்த ஊர் ஏரிகளைப் பற்றிச் சொன்னது ஞாபகம் வந்தது. இலைதழை ஊறின சாறு கரைந்து நின்றால் வெயில் கீழே இறங்காது, செடி பட்டினி கிடக்கும், அந்தச் சாறு உள்ளே புகுந்தும் செடியை வாட்டும் என்றாய். இதைப் படிக்கவா அவ்வளவு தூரம் போனான் என்று சிரித்தவள் நான். கழித்தண்ணியைக் கண்ணாடி டம்ளரில் ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தேன், அடியில் வண்டல் படியவில்லை, நிறமும் மாறவில்லை; அது சேறில்லை, புல் ஊறின சாறுதான் கரைந்து நிற்கிறது. மிச்சமிருந்த இரண்டு பிடியைத் தெளிந்த கடலில் கட்டினேன், பதினைந்து நாளில் நுனியில் துளிர் விட்டிருக்கிறது.

நேற்று அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கோயில் வாசலில் சொன்னதைக் கோயில் வாசலிலேயே வந்து மாற்றிச் சொல்லுங்க என்றாள். ஞாயிறு பூசைக்குப் பிறகு சொல்லப்போகிறேன். நானும் கூட வருகிறேன் என்றார் அப்பா, வேண்டாம் என்றுவிட்டேன்.

ஆனால் ஒன்றை என்னால் சரிசெய்ய முடியாது. என் பேச்சைக் கேட்டு நீ அவள் மகன் டென்னிசைப் போனில் பிளாக் பண்ணிவிட்டாயாம். மஸ்கட்டில் அவனுக்குப் பேச ஆள் கிடையாது, நீதான் அவனுக்கு எல்லாம் என்று சொல்லி அவள் அழுதாள். காதை மூடித் தொப்பி போட்டுக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிறு நான் வாசலில் நிற்பதற்குள் நீ அவனோடு பேசிவிடு. தப்பு என் அம்மாவுடையது என்று தயங்காமல் சொல்.

உன் நெற்றியில் சிலுவை போட்டு முத்தமிடும்,
அம்மா ஜெபமாலை,
பாம்பன்.