திண்டிவனத்துக்கே போ

குழலிக்கு,

அன்று காலை கூழைக் குடித்துக்கொண்டே அப்பா உனக்கு இடம் கிடைத்த இரண்டு ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளைப் பற்றியும் பேசினார். "காஞ்சிபுரம் வாணாம். தெனம் வூட்டுக்கு வந்துகினு இருந்தா களை புடுங்கத்தான் கூப்புடுவோம். திண்டிவனத்துல ஆஸ்டல் கீது, அங்கயே போவட்டும்" என்றார். பிறகு வயலுக்குப் போனார். மத்தியானம் உடலாகத்தான் வந்தார்.

"ஒன்ன தனியா வுட்டுட்டு நான் போவமாட்டேன், காஞ்சிபுரமே போதும்" என்று நேற்று நீ கத்தினாய். நானும் கத்திவிட்டேன். எனக்குத் துணை வேண்டும் என்று உன் படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதே. சேர இன்றுதான் கடைசி நாள்.

எலுமிச்சை சாதம் தூக்கில் இருக்கிறது. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன். சாவியைப் பக்கத்து வீட்டு சாரதாவிடம் கொடு.

இன்று நம் வயலுக்கு ஏரித் தண்ணீர் முறை. அதனால்தான் முன்னாலேயே போகிறேன். தாலி அறுத்தவள், புறப்படுகிறவள் எதிரில் வரக் கூடாது என்கிறாள் உன் அத்தை. நீ போகும் பஸ் ஏரிக்கரை மேலேதான் வரும். நான் மதகடியில் நிற்பேன், பார்.

அம்மா

இன்னொன்று. மதகைத் திறந்து தண்ணீர் விடுகிறவர், அந்த நீர்க்கட்டி, நம் முறை வந்தால் இன்னும் உன் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.