ஆறு வருடமும் உன் பெயரில் இருக்கிறது

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே, உன் அறையில் உன்னோடு தங்கியிருக்கும் அந்தச் சிரிப்புக்காரியிடம்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. அம்மாவிடம் போனில் பேசும்போது வாய்தவறி ஒரு வார்த்தை வந்துவிட்டால் என் கதை முடிந்தது. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். இந்த வீட்டில் இருப்பது ஒரு போன், அதை அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், பேசி முடித்ததும் இடுப்பில் செருகிக்கொள்வாள், பிறகு நான் எங்கே போய் ரகசியம் பேசுவது. எல்லோரும் தூங்கிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். கதவுக்கு முட்டுக்கொடுத்து நாற்காலியை வைத்திருக்கிறேன், வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று மேசை விளக்கின் மேல் என் பள்ளிக்கூட ஸ்வெட்டரைப் போட்டிருக்கிறேன், அது கருகுவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

இங்கே எல்லோரும் நலம், அங்கே நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் எல்லோருடைய நினைப்பும். அம்மா எழுதுவது மாதிரியே எழுதுகிறேன் என்று சிரிக்காதே, கடிதம் என்றால் எனக்கு இப்படித்தான் எழுதத் தெரியும். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை. சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது, அப்பா நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லியே அதன் கீழே வைத்திருக்கும் வாளிக்கு நிரந்தர வேலை கொடுத்துவிட்டார். உன் அலமாரியை நான் எடுத்துக்கொண்டேன், கோபித்துக்கொள்ளாதே. பரீட்சைக்காக ராத்திரி முழுக்க விழித்திருக்காதே, கண் கெட்டுப் போகும். இனி விஷயத்துக்கு வருகிறேன், அரை வெளிச்சத்தில் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

அம்மா மரம் ஏறுகிறாள் அக்கா. நீ கிளம்பிய அன்றைக்கு, நான் இனிமேல் கீழேதான் நிற்பேன், ஏறுவதற்கு நம் வேலைக்காரப் பையன் அணில் இருக்கிறான் என்று உன் தலையில் கைவைத்துச் சொன்னாளே, அந்த அணில் இப்போது நம்மிடம் இல்லை. மரம் வெட்டும் ஒரு பெரிய கம்பெனி அவனைக் கூப்பிட்டுக்கொண்டது. வேறு ஆள் கிடைக்கவில்லை. அம்மா மரம் ஏறும் பழைய பெல்ட்டை எடுத்து ஒவ்வொரு தையலாக விரலால் தடவிப் பார்த்து மாட்டிக்கொண்டு ஏற ஆரம்பித்துவிட்டாள். உனக்குச் சொல்லக்கூடாது என்று எனக்கும் அப்பாவுக்கும் உத்தரவு. அவளுக்குத் தெரிஞ்சா அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்து நிப்பா, படிப்பு பாழாயிடும், வாயைத் திறந்தீங்கன்னா ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது என்றாள். அப்பா உடனே, எனக்குச் சோறு இல்லேன்னா கீழே கயித்தை யாரு பிடிப்பாங்க, உன் மாமியாரா என்று கேட்டார். அதற்கு அவள் சிரிக்கவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் இன்சூரன்ஸ். அது இப்போது நமக்கு இல்லை. இந்த வருடம் புதுப்பிக்கும் நேரத்தில், யார் மரம் ஏறுகிறார்கள் என்று எழுதி, பாலிசி யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று பழைய கம்பெனி சொன்னது. பாலிசி உன் பெயரில்தானே இருந்தது, நம் வீட்டில் மரம் ஏறும் பயிற்சிச் சான்றிதழ் வாங்கியவள் நீ ஒருத்திதான் என்று அன்றைக்கு அப்படி எடுத்தோம். உனக்கு அனுப்பினால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று அம்மா அதை அப்படியே விட்டுவிட்டாள். தன் பெயரில் புதிதாக எடுத்துக்கொண்டால் போயிற்று, அதே வண்டி, அதே கயிறு, அதே வேலை, யார் பெயராக இருந்தால் என்ன என்று நினைத்தாள். எல்லோருமே அப்படித்தான் நினைத்தோம்.

ஏஜென்ட் அக்காவை உனக்குத் தெரியாது, மருந்துக்கடைக்கு மாடியில் சின்னதாக ஓர் அறை வைத்திருக்கிறாள், மேசை நிறைய காகிதம், காகிதத்தின் மேல் பாதி குடித்த டீ, ஆனால் நல்ல மனசு. எங்களை எதிரே உட்காரவைத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பெனியாகப் போன் போட்டாள். ஒருவன் மரம் வெட்டும் வேலை என்று கேட்டதுமே, கட்டடம் இடிக்கிறவங்க பட்டியல்லதான் இவங்களும் வருவாங்க மேடம் என்றான். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது, நாங்க ஒரு காக்கா கூட்டைக்கூட இடிச்சதில்ல, அதை எழுதச் சொல்லும்மா என்றார். இன்னொருவர், நாலடிக்கு மேல ஏறமாட்டோம்னு எழுதிக் குடுத்தா பாதி விலைக்குத் தர்றேன் என்றார். நாலடியில மரமா இருக்கும், செடிதான் இருக்கும் என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். மற்றவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு ஏஜென்ட் அக்காவே போனைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பாவமாகப் பார்த்தாள். முழு சீசனும் உழைத்தாலும் அது அவர்களுக்கே போய்விடும். அனுபவம் இருக்கே என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னாள். இருக்கலாம்மா, ஆனா இவங்க காகிதத்துல நீங்க இன்னைக்குத்தான் பொறந்திருக்கீங்க, ஆறு வருஷம் ஒரு கிளைம்கூட இல்லாத பேரு உங்க பெரிய பொண்ணோடது என்று ஏஜென்ட் அக்கா சொன்னதும்தான் எனக்குப் புரிந்தது. உன் பெட்டிக்குள் உடுப்புகளோடு அந்த ஆறு வருடத்தையும் மடித்து வைத்து நாங்களே உன்னை வழியனுப்பியிருக்கிறோம்.

இந்த இன்சூரன்ஸ் எதற்கு என்று எனக்கு இதுவரை சரியாகத் தெரியாது, அம்மா விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். புயல் அடித்ததற்கு மறுநாள் தெரிந்துகொண்டேன். எதிர்வீட்டு நர்ஸ் இருக்கிறார்களே, அவர்கள் படுக்கையறைக்கு மேலே நிற்கும் அந்தப் பெரிய மரத்தில் நம் வண்டி நீளத்துக்கு ஒரு கிளை முறிந்து, விழாமல், பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே அவர்களுடைய அப்பா, படுக்கையை விட்டு நகர்த்த முடியாதவர். கூப்பிட்ட இடத்தில் எல்லாம் நாளை மறுநாள் என்றார்கள். பாலிசி இல்லாமல் கத்திரிக்கோலைக்கூடத் தொடமாட்டேன் என்று அதுவரை வீம்பாக இருந்த அம்மா, அந்த நர்ஸ் வாசலில் நின்று அழுததும் உள்ளே போய் பெல்ட்டோடு வந்தாள்.

அக்கா, நான் அவளை மேலே பார்த்ததே இல்லை. நீங்கள் இருவரும் வேலைக்குப் போகும்போது நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன், அல்லது சின்னவள், தூர நில் என்று வண்டிக்குள் உட்காரவைத்து விடுவீர்கள். நம் அம்மா, மாடிப்படி ஏறினாலே முட்டி வலிக்கிறது என்பவள், அந்த மரத்தில் ஏறவில்லை, மரம் அவளைக் கை மாற்றிக் கை மாற்றி மேலே கொண்டுபோன மாதிரி இருந்தது. ஒரு கயிறு மாட்டி, அதை இழுத்துப் பார்த்து, இரண்டாவதை மாட்டிய பிறகுதான் முதலாவதைக் கழற்றுவாள். கொஞ்ச நேரத்தில் அவள் சேலைத்தலைப்பு இல்லாத, முகம் இல்லாத, ஓர் ஆரஞ்சு ஹெல்மெட் மட்டும்தான். மேலே போனவள் உடனே ரம்பத்தை எடுக்கவில்லை. அந்த உடைந்த கிளையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள், நான் காய்ச்சலாகப் படுத்திருக்கும்போது வைப்பாளே, அப்படி. காற்று நின்றது. என்னால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பிறகு கிளையைக் கயிற்றில் கட்டி, தொங்கிய பட்டையை ரம்பத்தால் அறுத்துவிட்டு, விடுங்க என்று ஒரே சொல் சொன்னாள். அப்பா கயிற்றை அடிமரத்தில் சுற்றி வைத்து, முதுகைச் சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். ஏணியில் இரண்டாவது படியிலேயே கண்ணை மூடிக்கொள்ளும் நம் அப்பா, அந்தக் கிளையின் முழுப் பாரத்தையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு பல்லுக்கு இடையே பாட்டு முணுமுணுத்தார். அவ்வளவு பெரிய கிளை, இலையெல்லாம் சலசலக்க, கூரையைத் தாண்டி வந்தது. பாதியில் தானாகச் சுழன்று, தடித்த அடிமுனை பக்கத்து வீட்டுக்காரர் காரின் கண்ணாடியை நோக்கிப் போனது. பிடிங்க, பிடிங்க என்று நர்ஸ் கத்தினார்கள். அப்பா பிடித்தார். மேலிருந்து அம்மா இன்னொரு கயிற்றை ஒரு சுண்டு சுண்டினாள். கிளை கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால் நின்று, யோசிக்கிற மாதிரி ஆடி, திரும்பி முற்றத்தில் இறங்கியது. தரையைத் தொட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை. உள்ளே அந்தப் பெரியவர் விழிக்கவே இல்லையாம்.

இறங்கி வந்த அம்மாவிடம் தண்ணீர்ச் செம்பை நீட்டினேன். ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். அந்தக் காரு உடைஞ்சிருந்தா, அந்தக் கூரை இறங்கியிருந்தா, நஷ்டஈடு கட்டியே நம்ம வீடு இன்னைக்கு நம்மது இல்லடி என்று மெதுவாகச் சொன்னாள், அப்பாவுக்குக் கேட்காமல்.

இப்போது என் பயத்தைச் சொல்கிறேன். பூச்செடி விற்கும் அந்தப் பண்ணைக்காரர் வந்திருந்தார். செடி வளர்க்கும் அவருடைய கண்ணாடிக்கூடத்தின் மேல் முழுதாகச் சாய்ந்து நிற்கும் மரத்தைக் கிளை கிளையாக இறக்க வேண்டுமாம். எனக்குக் காகிதமெல்லாம் வேண்டாம்மா, உங்க கை போதும் என்கிறார். அம்மா முதலில் மாட்டேன் என்றாள். வண்டி நின்றுகொண்டே இருக்கிறது, டயரைச் சுற்றிப் புல் முளைத்துவிட்டது. நேற்று அப்பாவிடம், மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம், எதுவும் அமையலேன்னா இல்லாமலே ஏறிட வேண்டியதுதான் என்றாள். அத்தனையும் கண்ணாடி அக்கா. கீழே பார்த்தால் வானம் தெரியும்.

ஏஜென்ட் அக்கா ஒரு சின்னக் கம்பெனியைக் கண்டுபிடித்திருக்கிறாள், தோட்டக்காரர்களுக்கும் மரம் வெட்டுகிறவர்களுக்கும் மட்டும் கொடுப்பவர்கள், நம்மால் கட்டக்கூடிய தொகை. மேலே ஏறலாம், உயரத்துக்கு வரம்பு கிடையாது. அவர்கள் கேட்பது ஒன்றுதான், அந்த ஆறு வருடமும் கிளைம் எதுவும் இல்லை என்று பழைய கம்பெனியிடமிருந்து ஒரு சான்று. அதை நீ கேட்டால்தான் கொடுப்பார்கள். அம்மாவிடம் அவள் இதைச் சொன்னபோது, அவகிட்ட கேக்க மாட்டேன், வேற வழி பாருங்க என்று அம்மா எழுந்து வந்துவிட்டாள். படியிறங்கும்போது என் கையை விடவே இல்லை.

அதனால் நான் கேட்கிறேன். பழைய கம்பெனிக்கு இரண்டு வரி எழுதிப் போடு. நீ கிளம்பி வராதே, வந்தால் அவள் என்னை மன்னிக்கவே மாட்டாள். திட்டியும் எழுதாதே. உன்னிடம் சொல்லி அவளை ஏறாமல் தடுக்கச் சொல்ல வேண்டும் என்றுதான் நான் முதலில் நினைத்தேன், புயலுக்கு முந்தி எழுதியிருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பேன். பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. அவள் ஏறட்டும் அக்கா. கீழே இருக்கிற எங்களுக்கு, அந்தக் கூரைகளுக்கு, கார்களுக்கு, கண்ணாடிகளுக்கு ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

ஆசீர்வாதம் செய்கிற வயது எனக்கு இல்லை, அம்மா அப்பா சார்பில் நானே செய்துவிடுகிறேன், தீர்க்காயுசாக, நல்ல மார்க்கோடு இரு. சான்றை ஏஜென்ட் அக்காவின் விலாசத்துக்கே அனுப்பச் சொல், பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கையெழுத்து பாலிசியில் போட்ட மாதிரியே இருக்கட்டும், இப்போது போடும் சுழித்த கையெழுத்து வேண்டாம்.

உன் அன்புத் தங்கை,
வாண்டு

இதை ஒட்டும் முன்பு இன்னொன்று, பழைய கம்பெனியின் பெயரும் பாலிசி எண்ணும் உன்னிடம் இல்லையென்றால் வண்டியின் முன்பெட்டியில் பழைய அட்டை கிடக்கிறது, நான் நாளை காலையில் பார்த்து

யாரோ தட்டுகிறார்கள். அம்மா. இன்னும் தூங்கலையாடி, எனக்கும் தூக்கம் வரல, கதவைத் திற, உன் பேனாவைக் குடு, அக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லி அந்தச் சான்றைக் கேட்டுடலாம்னு இருக்கேன் என்கிறாள். அக்கா, என்னிடம் இருப்பது இந்த ஒரு பேனாதா